கண்ணீரைப் பாடிய தைரியநாதர்



பொன்விழாக் காணும் நமது பங்கின் இம்மலரில், தமிழகத் திருச்சபையின் பெரியார் ஒருவரது வாழ்வை உங்கள் முன் வைக்க விழைகிறோம். வீரமாமுனிவரை அறியாதவர் நம்முள் எவருமிலர். பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் சதுரகராதி செய்தவர் என்பார்கள். பெரியவர்கள் பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் நினைத்துச் சிரிப்பார்கள். 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரினாக் கடற்கரையில் எழுப்பப்பட்ட சிலைகளுள் அவரது சிலையும் ஒன்று. நமது திண்டுக்கல்லிலும் சேசு சபையாரின் இல்லம் ஒன்று பெஸ்கி என்னும் அவரது குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவரது அகராதியையும் இலக்கணத்தையும் அறிஞர்கள் நிரம்ப எழுதிவிட்டார்கள். நாம் இங்கு எடுத்துக்கொள்வது அவர் பாடிய கண்ணீரை. இதற்குக் காரணம் உண்டு. நம் இல்லங்களில் இழவு நேரும்போது நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று இருக்கிறது. கணவனைப் பறிகொடுத்த பெண் வாய்விட்டு அழத் தொடங்குவாள். உடனே அருகிலிருப்போர், விசுவாசமுள்ளவள் இப்படி அழலாகாது என்று அவள் வாயை அடைப்பார்கள். மகனைப் புதைத்துவிட்டு வரும் தகப்பனிடம், ஆண்பிள்ளை கலங்கலாகாது என்பார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு, எல்லாம் தேவ சித்தம் என்று உதட்டால் சொல்லுவார். ஆனால் முப்பதாம் நாள் பூசை முடிந்தபின் அவர் கோவில் பக்கம் வருவதில்லை. மாதங்கள் கழியும், சிலருக்கு ஆண்டுகளும் கழியும். ஆண்டவரிடம் பேச வேண்டிய பேச்சு அவரது நெஞ்சுக்குள்ளேயே கிடந்து புண்ணாகிவிடும். இத்தகையோரை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பிறப்பும் அழைப்பும்

கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊரில்தான். 1698இல் பெஸ்கி சேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின், மதுரை மறைப்பணித் தளத்துக்குச் செல்லும் ஆவலால், 1710இல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறிக் கோவா வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. அன்று கரையை விட்டுப் புறப்பட்டவர் மீண்டும் தம் தாய்நாட்டைக் காணவே இல்லை.

1606இல் மதுரைக்கு வந்து தத்துவபோதகர் எனப் பெயர் பெற்ற இராபர்ட் தெ நொபிலி சுவாமியின் வழியையும், 1693இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரின் வழியையும் அவர் பின்பற்றினார். காவியுடுத்து, புலாலை நீக்கித் தமிழ்த் துறவியாக வாழ்ந்தார். கொன்ஸ்தான்சோ என்னும் அவரது பெயர் உறுதியைக் குறிப்பது. அதற்கிணங்கத் தமக்குத் தைரியநாதர் என்று பெயர் சூட்டிக்கொண்டார். வீரமாமுனிவர் என்பது பின்னர் வந்து நிலைத்த பெயர்.

பெயருக்கு ஏற்ற தைரியம் அவருக்குத் தேவைப்பட்டது. 1714, 1715ஆம் ஆண்டுகளில் எழுந்த கலாபனையில் அவருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டு, அதிலிருந்து தப்பிப் பிழைத்தார். காமநாயக்கன்பட்டி முதலிய தென்பாண்டி ஊர்களிலும், பிறகு கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியிலும் அவர் பணி செய்தார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அங்கு எழுந்தருளிய தேவதாயை அடைக்கல மாதா என்று அழைத்தார். கோணான்குப்பத்தில் சேலையுடுத்திய தமிழ்த் தாயாகப் பெரியநாயகி மாதாவை நிறுவினார். திருக்காவலூர்க் கலம்பகம், கித்தேரி அம்மாள் அம்மானை, அன்னை அழுங்கல் அந்தாதி எனப் பல நூல்களைப் பாடினார். 1730இல் தொன்னூல் விளக்கமும் 1732இல் சதுரகராதியும் நிறைவெய்தின. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார்.

தமிழைக் கரைகாண அவருக்கு ஆசிரியர்கள் வேண்டியிருந்தனர். அவர்களுள் சுப்பிரதீபக் கவிராயர் ஒருவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அக்கவிராயர் நமது நிலக்கோட்டையின் பாளையக்காரரான கூளப்ப நாயக்கன்மீது நூல் பாடியவர். முனிவரின் தமிழுக்கும் நமது சீமைக்கும் இப்படியும் ஓர் உறவு உண்டு என்பதில் நமக்கு மகிழ்ச்சியே.

சூசையப்பருக்கு ஒரு காப்பியம்

முனிவரின் தலைசிறந்த நூல் தேம்பாவணி. 1726ஆம் ஆண்டு நிறைவுற்ற இக்காப்பியம் மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. இதன் தலைவர் புனித சூசையப்பர். முனிவர் அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயர் இட்டார். நமது திண்டுக்கல் மறைமாவட்டம் 2003ஆம் ஆண்டு திருச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானபோது பேராலயமாக உயர்ந்ததும் அதே சூசையப்பரின் கோவில்தான். ஆகவே தேம்பாவணியை நம் வீட்டுக் காப்பியம் என்று நாம் உரிமை பாராட்டினால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவர் கேட்கிறார், எழுகிறார், நடக்கிறார், அவ்வளவே. இதனால், அவருக்கு உணர்ச்சியே இல்லை, கல்லைப் போல் அசையாதிருந்தார் என்று சிலர் எண்ணிவிடக் கூடும். வீரமாமுனிவர் அப்படி எண்ணவில்லை. மரியன்னை கருவுற்றிருப்பதை அறிந்தபோது சூசையப்பரின் உள்ளம் பட்ட பாட்டைச் சொல்ல ஐயந்தோற்று படலம் என ஒரு படலத்தையே ஒதுக்கினார். அவளது தூய்மையை அவர் அறிவார். கண் காண்பதையும் மறுக்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே அவர் தவித்தார். நீதிமான் என்று நற்செய்தி போற்றும் ஒருவருக்கு ஐயமும் வேதனையும் வந்தன என்பதைச் சொல்ல முனிவர் கூசவில்லை. வானதூதர் வந்தது அந்தத் தவிப்பின் நடுவில்தான் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

குழவிகள் வதைப் படலத்தில் ஏரோதின் வாளுக்கு இரையான பச்சிளம் பாலகர்களைப் பாடினார். அந்தத் தாய்மாரின் ஓலத்தைப் பற்றிப் புனித மத்தேயுவும், இராக்கேல் ஆறுதலை ஏற்க மறுத்தாள் என்னும் பழைய இறைவாக்கை நினைவூட்டித்தான் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வயது பாலகன் எருசலேமில் காணாமற்போன நிகழ்ச்சியையும் முனிவர் தனிப் படலமாகப் பாடினார். மூன்று நாள் தேடிக் கண்டபின், தானும் தந்தையும் எவ்வளவு ஏங்கித் தேடினோம் என்று தேவதாய் தம் திருமகனிடமே முறையிட்டதை லூக்காஸ் நற்செய்தியில் நாம் வாசிக்கிறோம். பாவமே அறியாத அந்தத் தாய் தமது ஏக்கத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

கானகத்தில் ஒரு மகன்

இவை எல்லாவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது ஸ்நாபக அருளப்பரின் புலம்பல். யோவான் என்னும் பெயரில் ஆண்டவரின் கருணை என்ற பொருள் அடங்கியிருப்பதால் முனிவர் அவரைக் கருணையன் என்று அழைக்கிறார். கருணையன் தன் தாய் எலிசபெத்தம்மாளோடு கானகத்தில் வாழ்கிறான். அங்கே தாய் இறந்துபோகிறாள். இந்நிகழ்ச்சி நற்செய்தியில் இல்லை. பக்தி மரபிலிருந்து முனிவர் எடுத்து விரித்தது. 2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இப்பகுதி இடம்பெற்றதால், நம் பிள்ளைகள் பலர் இதை மனப்பாடமே செய்திருப்பார்கள்.

கருணையன் குழி தோண்டி, மலர்களைப் பரப்பித் தாயின் உடலை நல்லடக்கம் செய்கிறான். பிறகு முழந்தாளிட்டுக் கைகளைக் குவித்தபடியே அழுகிறான். தாயின் சொற்கள் அவனுக்கு மழையாயிருந்தன. அந்த மழை நின்றுபோனதால், மணி பிடிக்கும் முன்னே காய்ந்துபோன இளம்பயிரைப் போல் ஆனேன் என்கிறான். கிளையிலிருந்து கொய்த பூவைப் போல் மனம் வாடுகிறது என்கிறான். நஞ்சு தோய்ந்த அம்பு பட்ட புண்ணோடு, துணையைப் பிரிந்த பறவையைப் போல், வழுக்கும் பாதையில் தனியே நிற்பதாகச் சொல்கிறான். உணவு தேடவும் தெரியாது, காட்டில் வழியும் தெரியாது; தாயின் கையை மட்டுமே அறிந்த என்னை அவளும் விட்டுப் போனாளே என்று முறையிடுகிறான். அவன் அழுகையைக் கேட்டுக் காட்டு மரங்களும் சுனைகளும் உடன் அழுவதுபோல் ஒலித்தன என்று முனிவர் பாடி முடிக்கிறார்.

மானாவாரி நிலத்தில் சோளமும் கடலையும் விதைத்துவிட்டு வானத்தையே பார்த்துக் கிடக்கும் நம் பங்குக் குடும்பங்களுக்கு அந்த இளம்பயிர் உவமைக்கு உரை தேவையில்லை. ஐப்பசி பொய்த்துப்போனால் கதிர் வாங்கும் முன்பே கருகி நிற்கும் கொல்லையை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். இத்தாலியில் பிறந்த ஒருவர் நம் புன்செய்க்காரர் நெஞ்சத்து வேதனையை எடுத்து, தாயற்ற பிள்ளையின் வாயில் வைத்தார்.

இங்கே ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அழுபவன் யார்? பெண்களில் பிறந்தோருள் பெரியவர் என்று ஆண்டவரே புகழ்ந்த அருளப்பர். தாயின் வயிற்றிலேயே பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டவர். அவரைப் பாடியவர் யார்? தைரியநாதர் என்று பெயர் சூட்டிக்கொண்டு, மரண தண்டனையின் வாயில் வரை சென்று மீண்ட துறவி. வீட்டையும் நாட்டையும் துறந்தவர். பற்றறுத்த முனிவர் ஒருவர், பற்றறுத்த தீர்க்கதரிசி ஒருவரைத் தாய்க்காக அழவிடுகிறார். அதை விசுவாசக் குறைவென்று அவர் எங்கும் கண்டிக்கவில்லை. மகன் குவித்த கையைப் பிரிக்கவில்லை என்பதையும் காட்டுகிறார். கண்ணீரும் கும்பிடும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

தேம்பாவணி என்றால் வாடாத மாலை என்று பொருள் கூறுவர். தேம்புதல் என்னும் சொல்லுக்கு வாடுதல் என்றும் பொருள். விம்மி அழுதல் என்றும் பொருள். நம் ஊரிலும் பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுவதாகத்தானே சொல்லுகிறோம்? வாடாத அந்த மாலையில் இத்தனை விம்மல்களையும் முனிவர் சேர்த்துக் கட்டியிருக்கிறார்.

ஆண்டவரின் கண்ணீர்

முனிவர் இதைத் தாமாகக் கற்பித்துக்கொள்ளவில்லை, வேதத்திலிருந்தே கற்றார். லாசரை எழுப்பப் போவதை அறிந்திருந்தும் ஆண்டவர் அவனுடைய கல்லறையருகே அழுதார். ஜெத்சமனித் தோட்டத்தில் தம் ஆன்மா சாகுமளவு துயருற்றிருப்பதைச் சீடர்களிடம் ஒளிக்கவில்லை. சிலுவையில் தொங்கியபோது, கைவிடப்பட்டவரின் சங்கீதத்தையே உரத்த குரலில் ஜெபித்தார். சங்கீதங்களைப் புரட்டிப் பாருங்கள்: துதிப் பாடல்களுக்கு நடுவே முறையீடுகள் நிறைந்து கிடக்கின்றன. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை தன் ஜெபப் புத்தகத்திலிருந்து நீக்கவில்லை.

நம்பிக்கையற்றவர்களைப் போல் துயரப்பட வேண்டாம் என்று புனித சின்னப்பர் எழுதியது உண்மை. துயரப்படவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. அழுவோரோடு அழும்படி உரோமையருக்கு எழுதியவரும் அவரே. நம்பிக்கையோடு அழுவது வேறு, அழாமலிருப்பது வேறு. கருணையனின் கதையிலேயே இது விளங்கும். தாயைப் புதைத்து அழுத அந்த மகன்தான் பின்னர் யோர்தான் கரையில் நின்று அரசனையும் அஞ்சாமல் கண்டித்தார். சிறையில் கிடந்தபோது, வரவேண்டியவர் நீர்தாமா என்று தம் சீடரை அனுப்பி ஆண்டவரிடம் கேட்கச் செய்தார். உள்ளத்தில் இருந்த கேள்வியை உள்ளபடியே ஆண்டவரிடம் அனுப்பினார். ஆண்டவர் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மக்கள்முன் புகழ்ந்தே பேசினார்.

முனிவர் வாழ்ந்த அதே காலத்தில் கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதே போன்றதொரு பணி நடந்தது. கோவாவில் 1676இல் பிறந்து 1742இல் இலங்கையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி, ஆண்டவரின் பாடுகளைக் கண்ணீரோடு தியானிக்கத் தமிழில் வியாகுலப் பிரசங்கம் எழுதினார். முனிவர் அன்னை அழுங்கல் அந்தாதி பாடியதும் அதே நோக்கத்தோடுதான். அழுங்கல் என்றால் துயரத்தால் வருந்துதல். பெரிய வெள்ளியன்று வியாகுல மாதாவின் சுரூபத்துக்கு முன் நம் பாட்டிமார் மாரடித்துப் பாடியதெல்லாம் இந்த ஊற்றிலிருந்து வந்ததே. இறந்த மகனை மடியில் கிடத்திய தாயின் முகத்துக்குச் சிரிப்பை வரைந்த ஓவியர் எவரும் இல்லை.

முனிவரின் இறுதி நாட்கள்

திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தா சாகிபோடு முனிவருக்கு நட்பு இருந்தது. அவரோடு உரையாடுவதற்காகப் பாரசீகமும் உருதுவும் கற்றார் என்பர். அவரிடம் திவானாக இருந்து பல்லக்கில் பவனி வந்தார் என்னும் கதையைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை; நாமும் அதை விட்டுவிடுவோம். 1741இல் திருச்சிக் கோட்டை மராத்தியர் கையில் வீழ்ந்தது. அந்தக் குழப்பத்தின் பின்னர் முனிவர் திருச்சிச் சீமையை விட்டுத் தெற்கே சென்றார். மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் அலைந்து உழைத்த உடல் தளர்ந்தது. 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், சேர நாட்டு அம்பலக்காட்டில், 66ஆம் வயதில் ஆண்டவரில் துயில் கொண்டார்.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

பங்கு மக்களே, பொன்விழாக் காலத்தில் நாம் கோவிலுக்கு வெள்ளையடிக்கிறோம், கொடிமரத்தைப் புதுப்பிக்கிறோம், சப்பரத்தை அலங்கரிக்கிறோம். செய்ய வேண்டியவைதாம். இத்துடன், முனிவரிடம் கற்ற ஒன்றையும் இந்த ஆண்டில் தொடங்குவோம். இழவு வீட்டில் அழுகிறவரை அழவிடுங்கள். புத்திமதி சொல்ல அவசரப்படாமல், பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கானகத்து மரங்கள் கருணையனுக்கு எந்தப் போதனையும் செய்யவில்லை, உடன் அழுதன. நம் கிராமத்துப் பெண்கள் ஒப்பாரி வைப்பதை அஞ்ஞான வழக்கமென்று ஏளனம் செய்யாதீர்கள். அந்த ஒப்பாரியின் இறுதியில் அன்பின் ஆண்டவர் பெயரும் சேர்ந்துவிட்டால் அதுவே ஜெபமாகிவிடும்.

வீட்டு ஆண்மக்களுக்கும் ஒரு சொல். விளைச்சல் பொய்த்தும், ஆலை மூடியும், கடன் ஏறியும் நிற்கும்போது உங்கள் முகத்தை இறுக்கிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கிறீர்கள். மனைவியிடமும் சொல்வதில்லை; ஆண்டவரிடமும் சொல்வதில்லை. சொல்லாத துயரம் சிலரைச் சாராயத்துக்கும் சிலரை அதனினும் கொடிய முடிவுக்கும் இழுத்துச் சென்றிருப்பதை நாம் அறிவோம். தைரியநாதர் என்ற பெயருடையவரே கண்ணீரை வெட்கமென்று கருதவில்லை. சூசையப்பரின் பீடத்துக்கு முன் வந்து முழந்தாளிடுங்கள். கோபம் இருந்தால் கோபத்தையும், கேள்வி இருந்தால் கேள்வியையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். தூக்கமற்ற இரவுகளில் தவித்தவர் அவர். உங்கள் தவிப்பு அவருக்குப் புதிதாயிராது.

கோவிலை விட்டு விலகி நிற்கும் அந்தத் தகப்பனுக்கும் இந்த மலர் யார் மூலமாவது போய்ச் சேர வேண்டும் என்பது நம் ஆவல். துதிப் பாடல் வராவிட்டால் பரவாயில்லை. கடைசிப் பெஞ்சியில் அமர்ந்து அழுதுவிட்டுப் போகலாம். கதவு திறந்தே இருக்கும்.

துயருறுவோருக்கு ஆறுதல் வாக்களித்த ஆண்டவர், வியாகுல மாதாவும் புனித சூசையப்பரும் பரிந்து பேச, உங்கள் ஒவ்வொருவரையும் உங்கள் குடும்பத்தில் மரித்த ஆன்மாக்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

இறைப்பணியில் உங்கள்
பங்குத் தந்தை